மணலுக்குக் கீழே

குழிக்குள் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மேலே விளிம்பில் நின்ற பொறியாளர் இன்னொரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேலையாட்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'அவசரம்'.

"மேடம், இந்த வேகத்துல சுரண்டினா நீங்களே ஒருநாள் தொல்பொருள் ஆயிடுவீங்க."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டுமே. புதுக் கட்டடம் எழப்போகும் இடத்தில் பழையது ஏதாவது புதைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் உத்தியோகம். எங்கே போனாலும் ஓர் இயந்திரமும் ஒரு சிடுசிடுத்த முகமும் அவளுக்காகக் காத்திருக்கும்.

"உங்க ஆபீஸ் சார் ஒருத்தர் அப்பவே வந்து பாத்துட்டாரே. குடோன் கட்டுறதுக்கு முன்னாடி. கீழ ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனார். அவர் எழுதினா எழுதினதுதானாம்."

உண்மைதான். அவர் ஓய்வு பெற்ற பிறகும், அலுவலகத்தில் யாராவது நெளிந்தால் 'அவர் இருந்திருந்தா' என்றுதான் பேச்சு தொடங்கும். எதற்கும் வளையாத மனிதர் என்று பெயர்.

குடோனை இடித்தாயிற்று. இப்போது வருவது அடுக்குமாடி. தூண்கள் ஆழமாக இறங்கும். அதனால்தான் மறுபடி ஒரு சோதனை. சம்பிரதாயம் என்றுதான் அவளும் கிளம்பி வந்தாள். அவர் தோண்டிய அதே மூலையையே காட்டினாள். ஒருமுறை தோண்டிய மண் இளகியிருக்கும், சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம் என்ற அலுப்பு.

கரண்டி சரக்கென்று இறங்கியது.

களிமண் இல்லை. மணல். சலித்தெடுத்த மாதிரி சுத்தமான மணல். அந்த இடத்துக்குச் சொந்தமில்லாதது. யாரோ கொண்டுவந்து கொட்டியது.

கையாலேயே தள்ளினாள். அடியில் தார்ப்பாய். அதைத் தூக்கினால், தோளோடு தோள் சேர்த்து நின்ற பழங்காலச் செங்கற்கள். ஒரு சுவரின் தலை.

அதன்மேல் ஒரு நாணயம்.

தோண்டிய குழியை மூடும்போது அந்த வருடத்து நாணயம் ஒன்றை அடியில் போட்டுவைப்பது அவர்கள் தொழிலில் பழக்கம். பின்னால் வருகிறவரிடம், 'இதுவரை நான் வந்தேன்' என்று சொல்லிவிட்டுப் போவது.

ஆக, அவர் இதுவரை வந்திருக்கிறார். பார்த்திருக்கிறார். குழந்தைக்குப் போர்த்துவதுபோல் போர்த்திவிட்டு, மேலே ஏறிப்போய் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறார். பொய் எழுதப்போன கை, நாணயம் போட மட்டும் மறக்கவில்லை.

மணலைத் திரும்பத் தள்ளிவிட்டால் போதும். அவர் பெயர் அப்படியே இருக்கும். தூண்கள்தான் சுவரைத் துளைத்துக்கொண்டு இறங்கும்.

இருக்கிறது என்று சொன்னாலோ, காவல் போடும்வரை கண்டவர் இடத்தைவிட்டு அசையக்கூடாது. அது விதி. அவருக்கும் அதே விதிதான் இருந்தது.

"என்ன மேடம், ஒண்ணுமில்லதானே?"

அவள் நாணயத்தைச் சட்டைக் கையில் துடைத்து, வருடத்தைப் பார்த்தாள்.

பார்த்தபடியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வருடம்தான் அவளுக்குக் குறைமாதத்தில் வலி கண்டது. தாயா பிள்ளையா என்று மருத்துவர் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நகக்கண்ணெல்லாம் மண்ணோடு, மூச்சிரைக்க வார்டுக்குள் ஓடிவந்து நின்றார் அவள் கணவர்.

"வேலையை அப்படியே போட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று அந்த வலியிலும் கேட்டாள்.

"அங்க ஒண்ணுமில்லம்மா. அதான் வந்துட்டேன்."

நாத்தனார், ஓரகத்தி என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிச் சொல்லிப் பூரித்த கதை அது. மகளுக்கும் மனப்பாடம்.

அவள் சுவரைப் பிடிக்காமல், குழியின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள்.

"மிஷினை நிறுத்தச் சொல்லுங்க சார். இங்க சுவர் இருக்கு. காவல் வர்ற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

அவசரம் முதன்முறையாக அவசரமில்லாமல் மண்மேட்டில் உட்கார்ந்தார்.

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"நாணயம் கிடைச்சுதுங்க."



"நீ அங்க கிளம்பினதுலேர்ந்து போன் பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன்" என்றார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தெரியாதவர்போல மெல்லக் கேட்டார்.

"சுவர் நல்லா இருக்கா?"