ஒரு துண்டுப் பஞ்சு

ஜெல் சில்லென்று இருக்கும். நெஞ்சில் வைத்ததும் எல்லோரும் ஒரு தடவை உடம்பைச் சிலிர்ப்பார்கள்.

அவர் சிலிர்க்கவில்லை.

அவள் ஈசிஜியின் ஆறு குமிழ்களையும் வரிசையாக அழுத்தி வைத்தாள். கைகளுக்கு இரண்டு கிளிப். கால்களுக்கு இரண்டு. கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்துவிடுவாள். இப்போது பாதி மூடித்தான் இருந்தது.

நேற்று மதியம் இரண்டு மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் வந்தவள். இப்போது காலை பத்து. மாற்றிவிட வேண்டியவர் வீட்டில் காதுகுத்து. ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வணக்கம் போட்டுவிட்டு அவர் மொட்டையடிக்கும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நன்றாக இருக்கட்டும்.

இது நாற்பத்து மூன்றாவது ஈசிஜி.

"ஒரு ஸ்ட்ரிப் ஓட்டி வைங்கக்கா, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் வாசலுக்கு ஓடியிருந்தார். அங்கே பேருந்து விபத்தில் அடிபட்டவர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முன்பு அரை மணி நேரம் இவர் நெஞ்சை அழுத்தி உயிரை மீட்கப் பார்த்திருந்தார்கள். அப்போது மனைவியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

கோடு நேராக ஓடும் தாள் ஒன்று வேண்டும். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டாக்டர், இறந்தவரின் வீட்டாரிடம் சொல்வார். அதுவரை வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

பத்தொன்பது வருடமாக அவளுக்கு இருக்கும் பதில் ஒன்றுதான். டாக்டர் சொல்லுவாங்க.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அவளாக வைத்துக்கொண்டது.

உயிரோடு இருப்பவர்கள் கையில் ஒரு துண்டுப் பஞ்சைக் கொடுத்துவிடுவாள். ஜெல்லை அவர்களே துடைத்துக்கொள்ள வேண்டும். இறந்தவர்களுக்கு அவளே துடைத்துவிடுவாள்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் கவனித்ததும் இல்லை.

தாள் வந்தது. கிழித்தாள். சோலையப்பன், ஐம்பத்து நான்கு என்று எழுதினாள். நேரம் போட்டாள். குமிழ்களைப் பிடுங்கினாள்.

பஞ்சை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"துடைச்சுட்டு சட்டையப் போட்டுக்கங்க."

ஈசிஜி வண்டியைத் திருப்பினாள். அதன் ஒரு சக்கரம் எப்போதும் இடது பக்கமே இழுக்கும். இடுப்பால் முட்டித் தள்ளினாள்.

நான்கு எட்டு வைத்திருப்பாள். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"ஆத்தா, தாயே. வயித்துல பால வார்த்த."

திரும்பினாள். அவருடைய மனைவி. எப்போது உள்ளே வந்தாரோ தெரியவில்லை. திரைத்துணிக்குப் பக்கத்தில், கணவரின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த அம்மாள் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டார்.

"ஒண்ணுமில்லயாம்டி. படம் எடுத்தவுக சட்டையப் போட்டுக்கிறச் சொல்லிட்டாக. நீ வண்டிய விரட்டிக்கிட்டு வராத. பைய வா."

அவள் அப்படியே போய்விடலாம். டாக்டர் வந்து சொல்லிக்கொள்வார். அவர் வேலை அது. வாசலில் இன்னும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வர இன்னும் கால் மணி நேரம் ஆகலாம். அரை மணி நேரமும் ஆகலாம்.

அவ்வளவு நேரமும் இந்த அம்மாள் சந்தோஷமாக இருப்பார்.

அவளுக்குக் காதுகுத்துக்காரர் மேல் கோபம் வந்தது. பிறகு தன் மேல் வந்தது. உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அதற்கு ஒரு நாற்காலி கிடைத்தால் முதலில் தூங்கிவிடுவாள்.

"எந்திரிங்க. சட்டையப் போடுங்க" என்றார் அந்த அம்மாள் கணவரிடம்.

அவர் தோளைத் தொட்டு அசைத்தார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அசந்துட்டாக. ராத்திரி பூரா நெஞ்சு வலின்னு பொட்டுத் தூக்கமில்ல."

போனிலிருந்து ஒரு குரல் கேட்டது. அப்பாவிடம் கொடுக்கச் சொன்னது. அந்த அம்மாள் குனிந்து போனை அவர் காதில் வைத்துப் பிடித்தார்.

"பேசுடி. கேப்பாக."

அவள் ஈசிஜி வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பி வந்தாள்.

அவர் உள்ளங்கையில் பஞ்சு வைத்தபடியே இருந்தது. எடுத்தாள்.

நெஞ்சைத் துடைத்தாள். முதல் வட்டம். இரண்டாவது. மூன்றாவது.

"ஒங்களுக்கு எதுக்குத் தாயி சிரமம்? அவுகளே தொடைச்சுக்கிருவாக."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. டாக்டர் சொல்லுவாங்க என்று சொல்ல வாய் வரவில்லை. நான்காவது வட்டத்தைத் துடைத்தாள். ஐந்தாவது. ஆறாவது. மணிக்கட்டுகளைத் துடைத்தாள். கால்களுக்குப் போனாள். கணுக்காலில் செருப்பு வார் பட்டுக் கறுத்திருந்த இடத்தை இன்னொரு முறை, மெதுவாகத் துடைத்தாள்.

பிறகு சட்டையின் இரண்டு பக்கத்தையும் இழுத்து, கீழிருந்து பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள்.

அந்த அம்மாளின் சிரிப்பு நின்றிருந்தது. அவர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போனில் மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

மேல் பொத்தானுக்கு அவள் கை போனபோது, அந்த அம்மாள் போனை அவர் காதிலிருந்து எடுத்தார். அணைக்கவில்லை. தன் நெஞ்சோடு சேர்த்து, குரல் வெளியே வராமல், பொத்திக்கொண்டார்.

"அவ வண்டி ஓட்டிக்கிட்டு வர்றா தாயி" என்றார்.