மூன்றாம் ஆண்டு கேக்

அன்றைக்கு இவர் குடிக்கவே இல்லையே என்று நினைத்தபடி செண்பகவல்லி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடியை விட்ட நாளைத்தான் அந்தக் குடிமீட்பு மையத்தில் பிறந்தநாள் என்பார்கள். அவள் கணவன் தமிழ்வாணனுக்கு இன்று மூன்று வயது. கேக் வெட்டுவதற்கு முன்னால் தன் கதையைச் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். முதல் வருடம் அவன் பாதியிலேயே அழுதுவிட்டான். இரண்டாம் வருடம், எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் மூச்சை அடக்கும் என்று தெரிந்துகொண்டான். இந்த வருடம் சிரிக்கவும் வைத்தான்.

"போதையில ஒரே இழுப்பு. கம்மல் என் கையில, காது அவகிட்ட. பாகம் பிரிச்சாச்சு."

பக்கத்து நாற்காலியில் இருந்தவள், போன வாரம் சேர்ந்த ஒருவனின் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "உங்க வீட்டுக்காரர் எவ்ளோ நல்லா பேசறாருக்கா."

அவன் கம்மலை இழுத்தது, சட்னியில் உப்பு கூடிப்போன ஒரு காலை நேரத்தில். முகத்துக்கு நேரே வந்த அவன் மூச்சில் காபி வாசனை மட்டும்தான் இருந்தது. கை நடுங்காமல் இருந்ததால்தான் ஒரே இழுப்பில் வந்தது.

"வல்லி, எந்திரிச்சு அந்தக் காதைக் காட்டு. குடி பண்ணின வேலைன்னு உன் வாயால சொல்லு. புதுசா வந்தவங்க நம்பட்டும்" என்றான் மேடையிலிருந்து.

மைக் வரிசை வரிசையாகக் கைமாறி அவளிடம் வந்து சேர்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதன் சுவிட்சை நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடி பண்ணின வேலைன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாள், பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்கும்படி.