மலாவியிலிருந்து வரும் ஃபோன்

மதிவதனி நெஞ்சில் கட்டியிருந்த பட்டை அவளுடைய இதயத்துடிப்பை ஆப்பிரிக்காவிலுள்ள மலாவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில், குறைமாதத்தில் பிறந்து தாயை இழந்த சிக்கோண்டி என்ற பெண்குழந்தை, அந்தத் துடிப்பைக் கேட்டபடி கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கியது. பல நாடுகள் கூடிச் செய்த ஏற்பாடு. திருநெல்வேலியில் தெருவுக்கு இரண்டு பெண்கள் இப்படிப் பட்டை கட்டியிருந்தார்கள்.

முதல் வாரமே அவள் கணவன் இசக்கிராஜ், குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினான். உடனே ஃபோன் அடித்தது.

"உங்கள் இதயம் படபடக்கிறது. இங்கே குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது," என்றாள் அந்த ஊர் நர்ஸ், இயந்திரம் பெயர்த்துச் சொன்ன தமிழில்.

இசக்கிராஜ் தள்ளிய தட்டைத் திரும்ப இழுத்து, சத்தம் காட்டாமல் சாப்பிட்டான். அதன்பிறகு வீட்டில் குரல் உயரவில்லை. கோபம் வந்தால் வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நிற்பான். திரும்பி வந்து, "பிள்ள ஒறங்குதாட்டி?" என்று மெல்லக் கேட்பான். அப்படி ஒரு குரல் அவனிடம் இருப்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது.

நேற்று சிக்கோண்டி தேறித் தன் அப்பாவோடு வீட்டுக்குப் போய்விட்டாள். பட்டையைக் கழற்றிக் கொடுக்கும்போது மதிவதனி அழுதாள்.

"பிள்ள பொழச்சிட்டால்லா! அதுக்குப் போய் யாராது அழுவாவளா?" என்றான் இசக்கிராஜ்.

இன்று அவள் மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்துவிட்டது.

"ஏட்டி, அறிவிருக்கா ஒனக்கு?" என்று கத்தியவன் சட்டென்று நிறுத்தினான். இருவரும் மேஜை மேலிருந்த ஃபோனைப் பார்த்தார்கள்.

அது அடிக்கவில்லை.

அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.