தம்பியின் சாம்பிள்

"நீயெல்லாம் ஒரு தம்பியா? கிட்னி தர மனசில்லைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

லேப் வாசலிலேயே அண்ணி பிடித்துக்கொண்டாள். நின்றிருந்த நோயாளிகள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை அண்ணி!"

"குண்டுக்கல்லாட்டம் இருக்க. திடீர்னு உனக்கு யூரின்ல புரோட்டீன் போகுதா? எதையோ கலந்து கொடுத்திருக்க. உங்க அண்ணன் சாகட்டும்னு விட்டுட்ட!"

தம்பி அழுதே விட்டான்.

உள்ளே லேப்காரர் கையில் அந்தக் குழாய். பழுப்பு ரீஏஜென்ட் திரவம், தம்பியின் சிறுநீர் பட்டதும் நீலமாகிவிட்டது. புரோட்டீன் இருந்தால்தான் நீலம். கிட்னி பழுதானால்தான் அந்த அளவுக்குப் புரோட்டீன் ஒழுகும். மனுஷன் நம்பாமல் மறுபடியும் போட்டுப் பார்த்தார். மறுபடியும் நீலம்.

அண்ணனுக்குக் கிட்னி தர வேறு நாதியில்லை. கதை முடிந்தது.

லேப்காரர் ரத்தம் எடுக்க டயாலிசிஸ் அறைக்குப் போனார். படுக்கையில் கிடந்த அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளிய சத்தம் கேட்டுச்சு. நீலம் வந்துடுச்சா சார்?"

"ம்."

அண்ணன் சிரித்தார். சாகப்போகிற ஆள் அப்படிச் சிரித்து லேப்காரர் பார்த்ததில்லை.

"கோடிப் புண்ணியம் சார் உங்களுக்கு. அவனுக்கு ரெண்டும் வாண்டுப் பொண்ணுங்க. அவனை அறுத்துப் பொழைச்சு நான் என்னத்தைக் கிழிக்கப் போறேன்? வேணாம்னு சொன்னா கேக்க மாட்டான், முரட்டுப் பய."

"உங்க வீட்டம்மா அவரைக் கண்டபடி திட்டுறாங்க."

"திட்டட்டும். நான் போனப்புறம் ரெண்டு குடும்பத்துக்கும் ஒருத்தனாவது முழுசா இருப்பான்ல?"

லேப்காரர் ரத்தம் எடுக்க ஊசியைப் பிரித்தார்.

"அவன்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க சார்."

"சரி."

அண்ணன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

தம்பியின் சாம்பிளில் முட்டை வெள்ளைக்கரு ஒரு சொட்டு கலந்துவிடச் சொல்லி நேற்று அவர் கெஞ்சியிருந்தார்.

லேப்காரர் கலக்கவே இல்லை.