மரியாதையாக இறங்கிய பாய்

கொன்கார்னோ துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்தபோது காற்று திடீரென வலுத்தது. படகின் முன்னால் பலூனாக உப்பியிருந்த பெரிய சிவப்புப் பாயை உடனே இறக்கியாக வேண்டும். தவறினால் படகு சாய்ந்துவிடும்.

முன்முனைக்கு ஓடிய நோல்வென், பாயை மேலிருந்து மூடிக்கொண்டு வரும் துணிக்குழாயின் கயிற்றைப் பிடித்தாள்.

"பாய்க்கயிறைக் கொஞ்சம் தளர்த்துறீங்களா?"

"தளர்த்திட்டேன், நீங்க இழுங்க. கை பத்திரம்!" என்றான் சுக்கானைப் பிடித்திருந்த கொரெந்தின்.

கயிறு ஒருமுறை வழுக்கியது. அவள் மறுபடி பற்றி இழுக்க, குழாய் சரசரவென்று இறங்கிப் பாயை விழுங்கியது. படகு நிமிர்ந்தது.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் நோல்வென்.

"ஐயோ, நான்தான் சொல்லணும்."

படகை விலைக்கு வாங்கும் எண்ணத்தில் ஓட்டிப் பார்க்க வந்திருந்த எர்வான் அசந்துபோனான்.

"இந்த மாதிரிப் பாயை இறக்குறதுக்குள்ள நானும் என் பொண்டாட்டியும் ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவோம். நீங்க ரெண்டு பேரும் எப்படிங்க இவ்வளவு மரியாதையா?"

நோல்வென் கயிற்றைச் சுருட்டியபடியே சொன்னாள்:

"நாங்களும் பதினாறு வருஷம் கத்தினவங்கதான். போன மாசம் விவாகரத்து ஆயிடுச்சு. வேத்து மனுஷங்ககிட்ட கத்த முடியுமா?"