வினிஃப்ரெட் காத்திருக்கிறாள்

புகழ்பெற்ற ஒரு காதல் நாவலின் ஆசிரியை நடந்த வயல்வழியெல்லாம் நடந்து, பனிமூட்டத்துக்குள் கனவில் மிதப்பவர்களைப்போல அந்தச் சுற்றுலாக் கூட்டம் தேவாலயக் கல்லறைக்கு வந்து சேர்ந்தது. வழிகாட்டி டாம்சின் குரலைத் தாழ்த்தினாள்.

“நாவல்ல வர்ற வினிஃப்ரெட் நிஜமாவே வாழ்ந்தவங்க. இதோ, இங்கதான் தூங்கறாங்க. காதலனுக்காகக் காத்திருந்தே கண்ணை மூடினாங்க. அவன் கடைசிவரைக்கும் வரவே இல்லை.”

பாசி படர்ந்த கல்லில் பெயர் மட்டும்தான் தெரிந்தது. எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூ வைத்தார்கள். வாராவாரம் வரும் தொப்பிக்காரக் கிழவர் மட்டும் டாம்சினைப் பார்த்துச் சிரித்தார்.

அவளுக்குத் திக்கென்றது. நாவலுக்கும் இந்தக் கல்லறைக்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது. கூட்டம் நகர்ந்ததும் அவரிடம் ஓடினாள்.

“நான் கதை விடறேன்னு தெரிஞ்சுபோச்சு, இல்லையா ஐயா? தயவுசெஞ்சு காட்டிக் கொடுத்துடாதீங்க.”

“நான் ஏம்மா காட்டிக் கொடுக்கப் போறேன்? உயிரோட இருந்தப்ப என் பொண்டாட்டிக்கு நான் ஒரு பூகூட வாங்கிக் கொடுத்ததில்ல. இப்ப ஊர் உலகமே கொண்டாந்து கொட்டுது.”

கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கல்லறையருகே குனிந்தார்.

“அவன் வரவே இல்லைன்னு சொல்றியே, அதை மட்டும் மாத்திடும்மா. வாராவாரம் வந்துட்டுத்தானே இருக்கேன்!”