தொட்டாச்சிணுங்கி

கடலில் மூழ்கிப் பாசி பறிப்பது இன்னாசியம்மாளின் பிழைப்பு. முதல் பிடியைப் பறிக்கும் முன்பு அந்த ஒரு பவளத்தைத் தொட்டுப் பார்த்துவிடுவாள். கல்லாக இறுகாமல் சதைபோல் மெத்தென்றிருக்கும் பவளம். விரல் பட்டதும் மேலெல்லாம் பூத்திருக்கும் பொடிப்பூக்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டாச்சிணுங்கி என்று அவளே பெயர் வைத்திருந்தாள். கரையில் இறால் பண்ணை வந்தபிறகு, தீவனமும் கழிவும் கரைந்த தண்ணீர் கடலில் கலந்தது. அந்தச் சத்தில் பாசி மண்டியது. பண்ணையின் மதகைத் திறந்துவிடுவது அவள் புருஷனின் வேலை.

"இன்னைக்கும் தொறந்து விடுவீகளா?" என்று காலையில் கேட்டாள்.

"நான் தொறக்காட்டி வேறொருத்தன் தொறப்பான்" என்றான் அவன், கஞ்சியிலிருந்து தலை நிமிராமல்.

வள்ளத்தில் நாத்தனார் பிரகாசிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "கடலு அள்ளிக் குடுக்குது மதினி. சாக்கு பத்தல."

இன்னாசியம்மாள் மூழ்கினாள். பவளம் இருந்த இடத்தில் பாசிதான் தெரிந்தது. இடக்கையால் வழித்தெடுத்தாள். அடியில் அது வெளிறிக் கொழகொழத்துக் கிடந்தது. ஒன்றிரண்டு பூக்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. தொட்டாள். அவை உள்ளே போகவில்லை. பாறை கிழிக்காமலிருக்க விரலில் சுற்றியிருந்த துணியால்தான் தொடுவது பவளத்துக்குத் தெரியவில்லையோ என்று நினைத்தாள். பல்லால் கடித்துத் துணியை அவிழ்த்துவிட்டு, தூங்குகிற பிள்ளையைத் தொடுவதுபோல் வெறும் விரலால் தொட்டாள். மூச்சு முட்டும்வரை காத்திருந்தாள். சுருங்கியது அவள் விரல்தான்.

மேலே வந்தபோது, வழித்த பாசி இடக்கையிலேயே இருந்தது. பிரகாசி சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.